மயக்கமா கலக்கமா (திரைப்பாடல், 1962)

‘சுமைதாங்கி’ படத்துக்காகக் கண்ணதாசன் எழுதி, விசுவநாதன்–ராமமூர்த்தி இசையமைத்து, பி. பி. ஸ்ரீநிவாஸ் பாடிய பாடல். படத்தை இயக்கியவர் ஸ்ரீதர். குடும்பப் பாரத்தைத் தலையில் ஏற்றுக்கொள்ளும் இளைஞனாக நடித்தவர் ஜெமினி கணேசன். தமிழில் தெம்பூட்டும் பாட்டு என்றதும் நெஞ்சை நிமிர்த்திப் பாடுவதே நினைவுக்கு வரும். ‘மன்னாதி மன்னன்’ (1960) படத்தில் டி. எம். சௌந்தரராஜன் பாடிய ‘அச்சம் என்பது மடமையடா’ அந்த வகைக்கு உச்சம். இந்தப் பாடல் அந்த வழியில் போகவில்லை. கட்டளையிடாமல் கேள்விகளை அடுக்கித் தொடங்குகிறது. உடைந்திருப்பவரிடம் ‘உடையாதே’ என்று அதட்டுவதில்லை. அறுபது ஆண்டு கடந்தும் அது பயன்படுவதற்கு இந்தத் தணிவே காரணம். அதில் பெரும்பங்கு பாடியவருடையது.

1930 செப்டம்பர் 22 அன்று காக்கிநாடாவில் பிறந்த ஸ்ரீநிவாஸ், ‘மிஸ்டர் சம்பத்’ (1952) என்ற ஜெமினி ஸ்டூடியோவின் இந்திப் படத்தில் பாடத் தொடங்கினார். கன்னடத்தில் ராஜ்குமாருக்கும் தமிழில் ஜெமினி கணேசனுக்கும் அவர் குரல் ஒட்டிக்கொண்டது. ‘பாவமன்னிப்பு’ (1961) படத்தின் ‘காலங்களில் அவள் வசந்தம்’ அவரை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. நாடகக் கொட்டகையில் வளர்ந்த குரல் கடைசி வரிசைவரை எட்டியாக வேண்டும். ஸ்ரீநிவாஸ் ஒலிவாங்கியின் பிள்ளை; கீழ்ஸ்தாயியில், காதருகே பேசுகிறவரைப் போலப் பாட அவரால் முடிந்தது. ஆறுதல் சொல்ல ஏற்ற தொலைவு அதுதான்.

பெருமையெல்லாம் கண்ணதாசனுக்கும் மெட்டுக்குமே உரியது, பாடகர் வெறும் கருவி என்று ஒருவர் வாதிடலாம். இதற்கு எதிரான வலுவான சான்று கவிஞர் வாலியின் வாழ்க்கையில் இருக்கிறது. வாய்ப்பில்லாமல் சென்னையை விட்டே போய்விடத் தீர்மானித்திருந்த வேளையில், தன்னைப் பார்க்க வந்த ஸ்ரீநிவாஸ் இந்தப் பாட்டைப் பாடிக்காட்டியதாகவும், அதைக் கேட்டே தங்கிவிட்டதாகவும் அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். வாலி நன்றி சொன்னது கண்ணதாசனின் வரிகளுக்குத்தான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த வரிகள் வயலினோ தபலாவோ துணையில்லாமல், ஒரே ஒரு குரலில் அவரை அடைந்தன என்பதும் அதே சாட்சியத்தில் உள்ளதுதான். அடுத்த ஆண்டே ‘கற்பகம்’ (1963) வாலியை நிலைநிறுத்தியது. 2013 ஏப்ரல் 14 அன்று ஸ்ரீநிவாஸ் காலமானார். மூன்றே நாளில் டி. கே. ராமமூர்த்தியும், ஜூலை 18 அன்று வாலியும் மறைந்தார்கள்.

இன்னொரு மறுப்பு கனமானது. உனக்கும் கீழே இருப்பவரை எண்ணி ஆறுதல் கொள் என்று பாட்டு சொல்கிறதே, அது இல்லாதவரை இருப்பதோடு அடங்கிப்போகச் சொல்வதாகாதா? அன்று தென்னார்க்காடு மாவட்டத்திலும் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் உள்ள ரிஷிவந்தியம் போன்ற ஊர்களில், வானம் பார்த்த நிலத்தையும் கடனையும் வைத்துக்கொண்டு வாழ்ந்தவர்களை நினைத்தால் இந்தக் கேள்வியைத் தள்ள முடியாது. கூலி கேட்டு நிற்பவரிடம் பண்ணையார் இதைப் பாடினால் அது அநியாயமே. ஆனால் பாட்டில் பேசுவது மேலிருக்கும் குரல் அல்ல. சோர்ந்தவன் தன்னையே தேற்றிக்கொள்ளும் குரல். படத்தின் பெயரும் அதைக் காட்டுகிறது. தலைச்சுமையோடு நடந்தவர்கள் பிறர் கைத்துணையின்றி இறக்கிவைத்து, மூச்சு வாங்கி, மறுபடி ஏற்றிக்கொள்ளச் சாலையோரம் நட்ட கல்தான் சுமைதாங்கி. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாக அதை நடும் வழக்கமும் இருந்தது. சுமை நியாயமானது என்று அந்தக் கல் சொல்வதில்லை. இதே படத்தில் ஸ்ரீநிவாஸ் பாடிய ‘மனிதன் என்பவன்’ மனிதன் எவ்வளவு உயரலாம் என்பதைப் பேசுகிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டவர்களுக்கு அடங்கிப்போகும் உபதேசமாக இது பட்டிருக்காது. வாலியும் அடங்கிப்போகவில்லை, மூட்டையைப் பிரித்துவிட்டு மறுபடி வாய்ப்புத் தேடிப் புறப்பட்டார்.