தில்லை வனத்துக்கு ஒரு பகல் பயணம்

கடலூரிலிருந்தோ சிதம்பரத்திலிருந்தோ புறப்படும் ஒருநாள் சுற்றுலாக்களுக்கு ஏறக்குறைய ஒரே வடிவம்தான். காலையில் நடராசர் கோயில். பிறகு கிள்ளை வழியாகப் பிச்சாவரம். அங்கே ஒரு படகு, உப்பங்கழியில் ஓரிரு மணி நேரம், பொழுது சாய்வதற்குள் திரும்புதல். கோயில் வரலாற்றுக் கணக்கிலும், காடு இயற்கைக் கணக்கிலும் எழுதப்பட்டுவிடும். இவை இரண்டும் ஒரே கணக்கு என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

முதலில் ஒரு புகழ்மொழியைக் கடந்துவிடுவோம். பிச்சாவரம் உலகின் இரண்டாவது பெரிய சதுப்புநிலக் காடு என்று பயணக் குறிப்புகள் சலிக்காமல் எழுதி வருகின்றன. இங்குள்ள அலையாத்திக் காட்டின் பரப்பு சுமார் 1,100 ஹெக்டேர், அதாவது 11 சதுர கிலோமீட்டர். இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் பொதுவான சுந்தரவனமோ ஏறத்தாழ 10,000 சதுர கிலோமீட்டர். ஒடிசாவின் பிதர்கனிகா இதைவிடப் பல மடங்கு பெரியது. நம் மாநிலத்திலேயே முத்துப்பேட்டைச் சதுப்புநிலம் இதைவிட விரிந்தது. பிச்சாவரத்தின் பெருமை பரப்பளவில் இல்லை. அது வேறிடத்தில் இருக்கிறது.

வடக்கே வெள்ளாற்றின் முகத்துவாரம், தெற்கே கொள்ளிடத்தின் முகத்துவாரம். இவ்விரண்டுக்கும் இடையே ஐம்பதுக்கும் மேற்பட்ட சிறு திட்டுகளாகச் சிதறிக் கிடக்கிறது இக்காடு. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில் எல்லா மரமும் வாழ்ந்துவிடாது. உப்பைச் சமாளிக்கவும் காற்றில்லாச் சேற்றில் மூச்சுவிடவும் தெரிந்தவையே நிலைக்கும். நீரோரத்தில் ஊன்றுகோல் வேர்களோடு நிற்பது சுரபுன்னை. அதன் விதை மரத்திலேயே முளைவிட்டு, நீண்ட காய்போலத் தொங்கி, பின்னரே சேற்றில் விழுகிறது. சற்று உள்ளே தள்ளி வெண்கண்டல், தரையிலிருந்து ஆயிரக்கணக்கான மூச்சு வேர்களை மேல்நோக்கி நீட்டியபடி. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் கண்டல் என்ற சொல்லைச் சந்தித்தவர்கள் அச்சொல்லுக்குரிய மரக்குடும்பத்தை இங்கே நேரில் காணலாம்.

இம்மரங்களுக்கு நடுவே இன்னொரு மரமும் உண்டு. அதன் பெயர் தில்லை. கிளையை ஒடித்தால் வெண்மையான பால் வடியும்; கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. விறகு வெட்டுவோர் அஞ்சி ஒதுங்கும் மரம் அது. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரும், அதன் கோயிலுக்குத் தலமரமும் இதிலிருந்தே வந்தன. பதஞ்சலியும் வியாக்கிரபாதரும் தவமிருந்ததாகப் புராணம் சொல்லும் தில்லைவனம், நகரமும் வயலும் பெருகப் பெருகக் கடல் பக்கம் பின்வாங்கிவிட்டது. இன்று சிதம்பரத்துத் தெருக்களில் தில்லை மரத்தைத் தேடுபவர் ஏமாந்து போவார். பிச்சாவரத்தில் அது இன்னமும் இருக்கிறது. காலையில் கோயிலில் பெயராக மட்டும் கேட்டதை மாலையில் இலையும் பாலுமாகக் காணும் வாய்ப்பு இச்சுற்றுலாவில் இருக்கிறது. ஆனால் அதைச் சுட்டிக்காட்டும் வழிகாட்டிகள் அரிது.

இக்கரைக்கு ஊர்கூடிப் போவது சுற்றுலா யுகத்தில் தொடங்கியதன்று. மாசி மகத்துக்குத் திருமுட்டம் பூவராகப் பெருமாள் பல ஊர்களைக் கடந்து, வழியெங்கும் தங்கி, கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். அங்கே தர்காவைச் சேர்ந்த இசுலாமியர்கள் பட்டும் மாலையும் அளித்து அவரை வரவேற்பது நெடுநாள் வழக்கம். நீராடும் இடத்தின் பெயரே முழுக்குத்துறை. கடலைப் பார்க்கப் போவதற்கு அன்று ஒரு காரணமும், ஒரு நாளும், போகிற வழியில் உறவுகளும் இருந்தன. 1975ஆம் ஆண்டு வெளிவந்த எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' படத்தின் சில காட்சிகள் பிச்சாவரத்தில் எடுக்கப்பட்ட பிறகு வந்த கூட்டம் வேறு வகை. அது திரையில் கண்ட காட்சியைத் தேடி வந்த கூட்டம்.

படம் பார்த்து வந்தவர்கள் அறியாத ஒன்று உண்டு. அவர்கள் கண்டு வியந்த காடு அப்போது நோயுற்றிருந்தது. ஆங்கிலேயர் காலத்தில் வனத்துறை இக்காட்டைக் கூறு கூறாகப் பிரித்து, முறைவைத்து மொட்டையாக வெட்டும் நிர்வாகத்தைக் கொண்டுவந்தது. விடுதலைக்குப் பின்னும் 1970கள் வரை அது தொடர்ந்தது. வெட்டிய இடத்தில் காடு தானே தழைக்கும் என்பது எதிர்பார்ப்பு. நடந்தது வேறு. நிழலற்ற சேறு வெயிலில் காய்ந்து அமிழ்ந்தது. தரை தொட்டிபோலக் குழிந்தது. ஏற்றத்தில் உள்ளே வந்த கடல்நீர் வற்றத்தில் வெளியேற வழியின்றித் தேங்கி, ஆவியாகி, உப்பை மட்டும் விட்டுச் சென்றது. அந்த உப்பில் வெண்கண்டல்கூட முளைக்கவில்லை.

இந்தச் சீரழிவுக்குப் பழி யார்மீது விழுந்தது? விறகு பொறுக்கிய, மாடு மேய்த்த கிராமத்தார்மீது. சென்னையில் 1988இல் தொடங்கப்பட்ட எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களில் இங்கே செய்த ஆய்வுகள் அப்பழியைத் திருத்தின. முதன்மைக் காரணம் மேய்ச்சல் அல்ல, திட்டமிட்ட வெட்டுமுறைதான் என்று அவை காட்டின. நோயின் வேர் தெரிந்ததும் மருந்தும் எளிதாயிற்று. வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து, மீன்முள் வடிவில் ஒரு பெரிய வாய்க்காலும் அதிலிருந்து இருபுறமும் பிரியும் சிறு வாய்க்கால்களும் வெட்டினார்கள். தேங்கிய நீர் ஓடத் தொடங்கியது, உப்பு குறைந்தது, நட்டவை பிழைத்தன. 1986க்கும் 2002க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டபோது காட்டுப் பரப்பு ஏறத்தாழ 90 விழுக்காடு கூடியிருந்தது. ஆக, இன்றைய பயணி 'கன்னிக் காடு' என்று படம்பிடிக்கும் பசுமையில் கணிசமான பகுதி மண்வெட்டியால் மீட்கப்பட்டது. வெறுங்கையால் சேற்றில் துழாவி இறாலும் மீனும் பிடித்து வாழும் இருளர் குடியிருப்புகளும் இக்காட்டையே நம்பி இருக்கின்றன.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை வந்தபோது கடலூர் மாவட்டம் பேரிழப்பைக் கண்டது. காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் ஒப்பளவில் தப்பின என்ற செய்தி உலகெங்கும் பரவியது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கதிரேசனும் இராஜேந்திரனும் 18 குப்பங்களை ஆராய்ந்து 2005இல் அவ்வாறே எழுதினர். அடுத்த ஆண்டே வேறு ஆய்வாளர்கள் அதே தரவுகளை மீண்டும் கணக்கிட்டு, கடலிலிருந்துள்ள தூரமும் தரையின் உயரமுமே பெரும்பகுதியை விளக்கிவிடுகின்றன என்று மறுத்தனர். காட்டின்மீது அன்புள்ளவர்கள் இந்த மறுப்பையும் சேர்த்தே படிக்க வேண்டும். அலை எதுவாயினும் காடு காக்கும் என்று நம்பிக் கரையோரத்தில் வீடு கட்டுபவர்களுக்குக் காடு ஒரு வாக்குறுதியும் தரவில்லை.

ஒரே நாளில் வரலாற்றையும் இயற்கையையும் காட்டிவிடும் இத்தகைய பயணம் நமக்கு மட்டும் உரியதன்று. ஐஸ்லாந்தில், கி.பி. 930இல் நாடாளுமன்றம் கூடத் தொடங்கிய திங்வெட்லிர் பள்ளத்தாக்கையும் குல்ஃபாஸ் அருவியையும் காட்டிவிட்டு, அதே நாளில் லாங்யோகுட்ல் பனியாற்றின்மேல் மோட்டார் வண்டிகளில் விரைய வைக்கிறார்கள். அந்தப் பனியாறு ஆண்டுதோறும் சுருங்கி வருகிறது. அதே நாட்டின் ஓக்யோகுட்ல் இனிப் பனியாறே அல்ல என்று 2014இல் அறிவிக்கப்பட்டது. 2019இல் அதற்கு நினைவுக்கல்லும் பதித்தார்கள். உருகிய பனியாற்றை வாய்க்கால் வெட்டி மீட்க வழியில்லை. பிச்சாவரம் அந்த வகையில் பேறு பெற்றது. 2022இல் அதற்கு ராம்சர் தகுதியும் கிடைத்தது.

பிச்சாவரத்திலும் மோட்டார் உண்டு. ஆனால் விசைப்படகு அகன்ற கழிகளில்தான் போக முடியும். கிளைகள் கூரையாகக் கவிந்த குறுகிய வாய்க்கால்களுக்குள் துடுப்புப் படகுக்கே வழி. விசைப்படகில் போகிறவர் காட்டின் விளிம்பைச் சுற்றிவிட்டு வருகிறார். துடுப்புக்காரரோடு போகிறவருக்கு நண்டு சேற்றில் ஓடும் ஓசையும் கேட்கும். நேரம் மிச்சமாகும் என்று முன்னதைத் தேர்ந்தெடுப்போர் பலர். மிச்சமான நேரத்தை அவர்கள் கரையில் பேருந்துக்காகக் காத்திருந்து செலவிடுவதையும் காணலாம்.

அடுத்த முறை செல்லும் நண்பர்கள் துடுப்புப் படகையே கேளுங்கள். உள்ளே போனதும் தில்லை மரம் எது என்று படகோட்டியிடம் விசாரியுங்கள். அவர் காட்டுவார். தொடாமல் பாருங்கள்.