வனத்துக்குள் நாயோடு போகும் உரிமை

இங்கிலாந்தில் இன்று ஒரு விடுமுறை நாளில், குழந்தை குட்டிகளோடு நாயையும் அழைத்துக்கொண்டு மரமடர்ந்த குன்றின்மீது உலவி வருகிற குடும்பத்துக்கு, அந்தச் சந்தோஷம் எத்தனை நூற்றாண்டுக் கஷ்டத்தின் பலன் என்பது நினைவுக்கு வருவது அபூர்வமே. நார்மன் அரசர்கள் தம் வேட்டைக்கென ஒதுக்கிக்கொண்ட ராஜ வனங்களில், மானுக்கு இருந்த பாதுகாப்பு குடியானவனின் நாய்க்கு இல்லை. அது மானைத் துரத்திவிடுமோ என்ற சந்தேகத்தினாலேயே, அதன் முன்னங்காலின் மூன்று விரல்களை, உள்ளங்கால் சதையை மட்டும் விட்டுவிட்டு, வெட்டியெறிவது வழக்கமாயிருந்தது. மூன்றாம் ஹென்றி பாலகனாக அரியணையிலிருந்த 1217-இல் பிறந்த வனச் சாசனம், குடிகளின் பல உரிமைகளை மீட்டுத் தந்த மகத்தான சாசனந்தான். ஆயினும் இந்தக் குரூரத்தை அது ஒழிக்கவில்லை. மூன்றாண்டுக்கு ஒரு சோதனை, விரல் வெட்டாத நாய்க்கு மூன்று ஷில்லிங் அபராதம் என்று வரையறுத்ததோடு நின்றுவிட்டது. வாயில்லா ஜீவனின் வேதனையை இவ்வளவு நிதானமாக எழுதிவைத்திருப்பதைப் படிக்கும்போது மனம் பதறுகிறது.

பிற்காலத்தில் நிலப்பிரபுக்களின் வேலிகள் வழிமறித்தன. 1932 ஏப்ரல் 24 அன்று, தடையை மீறிக் கிண்டர் ஸ்கவுட் மேட்டில் ஏறியவர்களில், பென்னி ராத்மன் என்ற மான்செஸ்டர் இளைஞர் உட்பட ஐவர் சிறை புகுந்தனர். 1949-இல் தேசியப் பூங்காச் சட்டம் வந்தது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த மலைவெளிகளில் நடக்கும் உரிமையை அனைவருக்கும் அளித்தது. தரையில் கூடுகட்டும் பறவைகளின் பொருட்டு, அவ்வெளிகளில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயை இரண்டு மீட்டருக்கு மேற்படாத வாரில் பிடித்துச் செல்லவேண்டும் என்ற நியாயமான நிபந்தனையும் அதில் உண்டு.