திறந்த முனை: துப்பாக்கிக் குண்டின் நுனியைச் சீவும் வழக்கம் உருவான வரலாறு

காரைக்காலைத் தஞ்சை மராத்திய அரசிடமிருந்து பிரெஞ்சுக்காரர் பெற்றது 1739-ல். 1760-ல் அது ஆங்கிலேயர் கைக்குப் போயிற்று. பாரிஸ் உடன்படிக்கைக்குப் பின் திரும்பிற்று. 1778-லும் 1793-லும் மறுபடி போய், 1817-ல்தான் நிலையாகப் பிரெஞ்சு வசம் வந்தது. இந்த இழுபறியின் தொடக்க காலத்தில், அதே சோழமண்டலக் கரையில் வடக்கே கடலூர் தேவனாம்பட்டினத்தின் செயின்ட் டேவிட் கோட்டையில், 1751 ஜூலை 29 அன்று ஆங்கிலேயப் பொறியாளர் ஒருவர் காய்ச்சலில் இறந்தார். பெயர் பெஞ்சமின் ராபின்ஸ். குண்டு காற்றில் எப்படிப் பறக்கிறது என்பதை ஊகமாகச் சொல்லாமல் அளந்து காட்டிய முதல் ஆள் என்று அவரைச் சொல்லலாம்.

இன்று ஆயிரம் கெஜத்துக்கு அப்பால் இலக்கு வைக்கும் போட்டியாளர்கள், குண்டின் நுனியை ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் சில பங்கு மட்டும் சீவிச் சமப்படுத்துகிறார்கள். கூர்மையாக்குவதற்காக அல்ல, சீவினால் நுனி மழுங்கத்தான் செய்யும். மழுங்கினாலும் பரவாயில்லை, எல்லாக் குண்டும் ஒன்றுபோல இருக்கட்டும் என்பதே எண்ணம். இந்த விசித்திரமான வேலைக்குத் தேவை எப்படி வந்தது என்பதைத் தொடர்வதே இக்கட்டுரையின் நோக்கம். ஈயத்துக்கு உலோக உறை போடத் தொடங்கிய நாள் முதல், உறையின் எந்தப் பக்கத்தைத் திறந்து விடுவது என்ற கேள்வி இருந்து வந்திருக்கிறது. நுனியைச் சீவும் வழக்கம் அந்தக் கேள்விக்குத் தரப்பட்ட ஒரு விடையின் பின்விளைவு என்பது என் வாதம்.

உருண்டையிலிருந்து முட்டைக்கு

1742-ல் வெளிவந்த ராபின்ஸின் ‘பீரங்கிக் கலையின் புதிய கோட்பாடுகள்’ சிறிய நூல். அதன் மையக் கருவி ஊசற்பலகை. தொங்கும் கனமான பலகையில் குண்டைச் சுட்டு, பலகை எவ்வளவு தூரம் பின்னுக்கு ஆடுகிறது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணக்கிட்டார். முக்கால் அங்குல ஈய உருண்டை நொடிக்கு சுமார் 1670 அடி வேகத்தில் போகும்போது அதன்மேல் காற்று காட்டும் எதிர்ப்பு 10 பவுண்டு என்று கண்டார். உருண்டையின் எடையோ ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். எடையைப் போல 120 மடங்கு! குண்டின் பாதையைச் சீரான பரவளையமாக வரைந்து, காற்றை ஒரு பொருட்டாகவே எண்ணாத பீரங்கிக்காரர்களுக்கு இது பேரிடி.

அவர் செய்த இன்னொரு சோதனை எளிமையானது. குண்டு போகும் வழியில் மெல்லிய தாள் திரைகளை வரிசையாகத் தொங்கவிட்டு, எந்தத் திரையில் எந்த இடத்தில் துளை விழுகிறது என்று பார்த்தார். உருண்டைக் குண்டு நேர்க்கோட்டில் போவதில்லை. குழலுக்குள் உராய்ந்து வாங்கிய சுழற்சிக்கு ஏற்ப ஒரு பக்கமாக வளைகிறது. 1747-ல் ராயல் சொசைட்டியில் படித்த கட்டுரையில் இதற்கு மருந்து சொன்னார்: உட்புறம் மரை வெட்டிய குழல். உருண்டைக்குப் பதில் முட்டை வடிவக் குண்டையும் அதில் பரிந்துரைத்தார். மரைக் குழல் துப்பாக்கியின் இயல்பை முதலில் முழுதாகப் புரிந்துகொண்டு படைக்குக் கொடுக்கும் நாடு மற்ற நாடுகளை மிஞ்சும் என்றும் கணித்தார்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக 1750-ல் அவர் இந்தியாவில் வந்து இறங்கியது கோட்டைகளைச் செப்பனிட. வந்த வேலை முடியுமுன் ஒரே ஆண்டில் மாண்டார். அவர் வலுப்படுத்தத் திட்டம் தீட்டிய செயின்ட் டேவிட் கோட்டையை 1758 ஜூனில் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்துத் தகர்த்தார்.  ராபின்ஸின் நூலை மட்டும் பகை நாடு தள்ளி வைக்கவில்லை. கணித அறிஞர் ஆய்லர் 1745-லேயே அதை ஜெர்மனில் விரிவான குறிப்புகளோடு பெயர்த்திருந்தார். பின்னர் அது பிரெஞ்சுக்கும் போய், ஒசோன் பீரங்கிப் பள்ளியில் இளம் நெப்போலியன் குறிப்பெடுத்துப் படித்த பாடமாயிற்று.

உறை வந்த பின்

அடுத்த நூறாண்டை வேகமாகக் கடந்துவிடலாம். 1840-களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி மினியே, பின்புறம் குழிந்த நீள்குண்டைக் கொடுத்தார். வெடிப்பின் அழுத்தத்தில் அதன் அடி விரிந்து மரையைப் பற்றிக்கொண்டது. பெரிய மாற்றம் 1884-ல் பால் வியேய் கண்டுபிடித்த புகையற்ற வெடிமருந்தோடு வந்தது. வேகம் கூடியதும் வெறும் ஈயம் தாங்கவில்லை. மரையில் இழுபட்டுக் குழலெல்லாம் பூசிக்கொண்டது. எனவே ஈயத்துக்குக் கடினமான உலோக உறை தேவைப்பட்டது.

பிரான்ஸ் 1886-ல் ஏற்ற 8 மில்லிமீட்டர் லெபெல் துப்பாக்கியின் முதல் குண்டு தட்டை முனை கொண்டது. காரணம் காற்றியல் அல்ல. குழலுக்கு அடியில் இருந்த நீண்ட குழாயில் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருந்தன. பின்னுள்ளதன் நுனி முன்னுள்ளதன் தீமூட்டிமேல் பொருந்தும். கூர் நுனி இருந்தால் ஒரு குலுக்கலில் வெடித்துவிடலாம். இதே துப்பாக்கிக்கு 1898-ல் கேப்டன் தெசலோ ‘பால் தே’ குண்டை வடிவமைத்தார். நீண்ட கூர் முனை, படகு போல ஒடுங்கும் பின்புறம், 12.8 கிராம் எடை. ஈயமே இல்லை, முழுக்கச் செம்புக் கலவை. உறையே இல்லாததால் திறந்த பக்கம் என்ற சிக்கலும் அதற்கு இல்லை. நுனி தீமூட்டியில் இடிக்காதபடி தோட்டாவின் அடியில் வட்டப்பள்ளம் ஒன்று வெட்டி, அதில் நுனியைத் தங்க வைத்தார்கள். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக் காலாட்படையின் பொதுவான குண்டு இதுதான். புதுச்சேரி, காரைக்கால் பக்கத்திலிருந்து அந்தப் படைக்குப் போன சொல்தாக்களின் (பிரெஞ்சிந்தியச் சிப்பாய்களின்) தோளில் தொங்கிய துப்பாக்கியிலும் இதுவே இருந்திருக்க வேண்டும்.

மற்ற நாடுகள் ஈயத்தையும் உறையையும் விடவில்லை. உறை என்பது செம்புக் கலவைத் தகட்டைக் கிண்ணமாக அழுத்தி, இழுத்து நீட்டிய குப்பி. ஈயத்தைச் செருக ஒரு பக்கம் திறந்தே இருக்க வேண்டும். ராணுவங்கள் முனையை மூடி அடியைத் திறந்து விட்டன. கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் 1890-களில் கேப்டன் பெர்ட்டி-கிளே முனையில் சிறிதளவு உறையை நீக்கி ஈயத்தை வெளியே காட்டினார். உடலில் பட்டதும் விரிந்து பெருங்காயம் உண்டாக்குவதே நோக்கம். அடியும் திறந்திருந்ததால், சில சமயம் ஈயம் மட்டும் பாய்ந்து போக, உறை குழலிலேயே சிக்கிக்கொள்ளும் அபாயமும் இருந்தது. விரியும் குண்டுகளைத் தடை செய்த ஹேக் பிரகடனம் 1899 ஜூலை 29-ல் கையெழுத்தாயிற்று. ராபின்ஸ் இறந்த அதே தேதி; தற்செயல்தான். நுனியை வெட்டுவது என்றாலே டம்டம் நினைவு வருவது இதனால்தான். போட்டியாளர் சீவுவதற்கும் அதற்கும் நோக்கத்தில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

அடியா, நுனியா?

விடையின் பாதியைத் தந்தவர் அமெரிக்க மருத்துவர் ஃபிராங்க்ளின் மான். 1909-ல் வெளியான அவருடைய நூலில், ராபின்ஸைப் போலவே தாள் திரைகளை வைத்துச் சுட்ட சோதனைகள் இருக்கின்றன. குண்டுகளை வேண்டுமென்றே பழுதாக்கினார்: சிலவற்றின் நுனியை, சிலவற்றின் அடியை. நுனி சிதைந்த குண்டுகள் அவ்வளவாகத் தவறவில்லை. அடி சாய்வாக வெட்டுண்டவை தாறுமாறாகப் போயின. குழலை விட்டு வெளியேறும் கணத்தில் பின்னாலிருந்து பீறிடும் வாயு, சமமில்லாத அடியை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறது. அங்கே தொடங்கும் தள்ளாட்டம் இலக்கு வரை போகும்.

இதன்படி பார்த்தால் ராணுவம் திறந்து விட்டது தவறான பக்கம். போட்டிக்கான குண்டு செய்தவர்கள் உறையைத் திருப்பிப் போட்டார்கள்: அடி மூடியது, முனை திறந்தது. 1947-ல் தொடங்கிய அமெரிக்காவின் சியரா நிறுவனத்தின் ‘மேட்ச்கிங்’ வரிசை இவ்வகையில் பேர்பெற்றது. முனையில் துளை இருப்பதால் இதுவும் டம்டம் வகைதானோ என்ற ஐயம் எழுந்தபோது, 1985-லும் 1990-லும் அமெரிக்க ராணுவச் சட்ட அதிகாரிகள் ஆராய்ந்து, துளை செய்முறையின் எச்சமே, விரிவதற்காக வைத்ததல்ல என்று முடிவு சொன்னார்கள்.

அந்தச் செய்முறையைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஈயம் செருகிய உறையை முனை அச்சுக்குள் அழுத்துகிறார்கள். விளிம்பு குவிந்து நுனியாகிறது. அச்சுக்குள் இறுகிய குண்டை வெளியே தள்ள, நுனிப் பக்கத்திலிருந்து ஓர் ஊசி இறங்குகிறது. நுனி அந்த ஊசியைவிடச் சிறிதாக இருக்க முடியாது. இருந்தால் ஊசி உள்ளே குத்திக்கொள்ளும். உறையின் சுவர் எல்லா இடத்திலும் ஒரே உயரத்துக்கு இழுபடுவதும் இல்லை. ஆகவே ஒரே பெட்டியில் ஒரு குண்டின் நுனி நேராக, அடுத்தது சாய்வாக, இன்னொன்று பிசிறோடு. குறை அடியிலிருந்து நுனிக்கு இடம் மாறியது, அவ்வளவே.

மருத்துவர் மான் சோதித்த குறுகிய தூரத்தில் இது பெரிதில்லை. 1000 கெஜம், அதாவது 914 மீட்டர் என்றால் கதை வேறு. வழக்கமான .308 அங்குலக் குண்டொன்றுக்குக் காற்றை ஊடுருவும் திறன் நூற்றில் ஒரு பங்கு குறைந்தாலே, அவ்வளவு தூரத்தில் சில அங்குலம் கீழே இறங்கிவிடும். கனடாவின் ஜார்ஜ் ஃபார்குவர்சன் பெயரின் முதலெழுத்தைத் தாங்கிய எஃப்-கிளாஸ் போட்டியில் அந்தத் தூரத்துக்கு உச்ச மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 10 அங்குலம், உள்வட்டம் 5. குண்டுக்குக் குண்டு நுனி வேறுபட்டால் துளைகள் மேலும் கீழுமாகச் சிதறும். பக்கவாட்டுச் சிதறலுக்குக் காற்றைக் குறை சொல்லலாம். மேல்-கீழ்ச் சிதறலுக்குக் குறை சொல்ல வெடிமருந்தும் குண்டும்தான் மிச்சம்.

சீவும் கருவி கையளவே. குண்டின் அடியைத் தாங்கல் ஆக்காமல், வளைவுப் பகுதியைத் தாங்கலாக வைத்து நுனியை வெட்டுகிறது. காற்றைக் கிழிக்கும் முன்பகுதியின் நீளம்தான் ஒன்றாக வேண்டும் என்பதால் இந்த ஏற்பாடு. சீவிய பின் நுனியின் தட்டை வட்டம் சற்று அகலமாகி, ஊடுருவும் திறன் சில விழுக்காடு குறைகிறது. தெசலோ கூர்மைக்காக உழைத்தார். இவர்கள் அதில் கொஞ்சத்தைத் தாங்களாகவே விட்டுக்கொடுத்துச் சமத்தன்மையை வாங்குகிறார்கள். பிறகு வந்தது நுனிகூட்டும் அச்சு: சீவிய விளிம்பை மெல்லக் குவித்து, இழந்த திறனை மீட்டுக்கொடுக்கிறது. எல்லாருக்கும் இது தேவையா என்றால், இல்லை. 300 மீட்டரில் சுடுபவர் இதில் மாலை முழுக்கச் செலவிடுவது வீண் என்றே எனக்குப் படுகிறது.

ஆலைகளும் சும்மா இருக்கவில்லை. திறந்த முனையில் பிளாஸ்டிக் கூம்பு செருகிய குண்டுகள் வந்தன. நீண்ட பறத்தலில் காற்று உராய்வின் சூட்டில் அந்தக் கூம்பு இளகி வடிவம் இழப்பதை ரேடார் அளவீட்டில் கண்டதாகச் சொல்லி, 2015-ல் ஹார்னடி நிறுவனம் வெப்பம் தாங்கும் முனைக்கு மாறியது. 2019-ல் அதே நிறுவனம் கடைந்தெடுத்த அலுமினிய முனை கொண்ட ‘ஏ-டிப்’ குண்டை வெளியிட்டது. அதன் நுனியில் சீவ எதுவும் இல்லை. அச்சிலிருந்து வெளிவந்த அதே வரிசையில் அவற்றைப் பெட்டியில் அடுக்கி விற்கிறார்கள். அடுத்தடுத்துச் செய்த குண்டுகளுக்கு இடையில்தான் வேறுபாடு மிகக் குறைவு என்ற கணக்கில்.