ஆசிரியருக்கு ஆசிரியரே தரும் விலை

1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்து அரசு உயர்நிலைப் பள்ளியொன்றில் வணிகக் கல்வி கற்பித்த ஆசிரியர் இருவர் தம் மாணவர்க்கென ஒரு கையேடு எழுதினர். பள்ளியிலிருந்த டெக் நிறுவனச் சொற்செயலி இயந்திரங்களை இயக்கும் முறையை விளக்குவது அது. பின்னர்ப் பள்ளி நிர்வாகம் சோனி நிறுவனத்தின் இயந்திரங்களை வாங்கியது. அந்தக் கையேட்டைச் சோனியிடம் கொடுத்து, புதிய இயந்திரங்களுக்கேற்ப மாற்றித் தரச் செய்தது. எழுதிய இருவரும் தம் பதிப்புரிமை மீறப்பட்டதென வழக்குத் தொடுத்தனர்.

வழக்கில் அவர்கள் வெல்லவில்லை. எனினும் 1988இல் ஏழாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் சார்பில் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரிச்சர்ட் போஸ்னர், ஒரு பழைய மரபை நினைவூட்டினார். ஆசிரியர் எழுதியது ஆசிரியருக்கே உரியது என்பது நெடுங்காலம் ஐயமின்றி ஏற்கப்பட்டிருந்தது. ஊழியர் தம் பணியின் பகுதியாக ஆக்கியது பணியமர்த்தியவருக்கே சொந்தம் என வகுக்கும் 1976ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் அந்த மரபை முற்றாக ஒழித்துவிட்டதா என்பது ஐயத்துக்குரியது என்றார் அவர். அக்கருத்து தீர்ப்பின் முடிவைக் கட்டுப்படுத்தியதன்று. ஆனால் அது எழுப்பிய வினா நிலைத்தது: வகுப்பறைக்காக ஆசிரியர் ஆக்கும் பொருள் யாருடையது?

அவ்வினாவுக்கு இணையச் சந்தை பிற்காலத்தில் தன் வழியில் ஒரு விடை தந்தது. அவ்விடையைப் புரிந்துகொள்ள முதலில் பயிற்சித்தாளின் வரலாற்றைக் காண வேண்டும்.

பாடநூல் பதிப்பாளரிடமிருந்து வருவது. பயிற்சித்தாள் ஆசிரியரின் மேசையில் பிறப்பது. அதன் வாழ்வு படியெடுக்கும் கருவிகளின் வாழ்வோடு பிணைந்தது. எடிசனின் காப்புரிமையைப் பெற்றுச் சிகாகோவின் ஏ.பி. டிக் நிறுவனம் 1887 முதல் மிமியோகிராப் கருவியை விற்கத் தொடங்கியது. நம் நாட்டில் சைக்ளோஸ்டைல் என்றும் உருட்டச்சு என்றும் வழங்கிய கருவி இக்குடும்பத்தைச் சேர்ந்ததே. 1923இல் செருமனியில் உருவான சாராயப் படியெடுப்பான், அமெரிக்கப் பள்ளிகளில் ‘டிட்டோ’ என்ற பெயரில் ஊதா நிற எழுத்தும் தனி மணமும் கொண்ட தாள்களைப் பல தலைமுறை மாணவர்க்கு வழங்கியது. ஆசிரியர் எழுதியதை அவரே பெருக்கிக்கொள்ள இக்கருவிகள் வழிசெய்தன. ஓய்வறையில் ஒருவர் அலமாரியிலிருந்து மற்றொருவர் அலமாரிக்கு மூலத்தாள் கைமாறியது. விலை பேசப்படவில்லை. எழுதியவர் பெயரும் பெரும்பாலும் தாளில் இருந்ததில்லை.

விற்பனை அறவே இல்லாமலும் இல்லை. நியூயார்க் மாநிலத்தின் டான்ஸ்வில் என்னும் சிற்றூரிலிருந்து 1891 முதல் எஃப்.ஏ. ஓவன் வெளியிட்ட ‘நார்மல் இன்ஸ்ட்ரக்டர்’ இதழ் சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர்க்குப் பாடக்குறிப்புகளையும் பருவகாலப் பயிற்சிகளையும் அஞ்சலில் கொண்டு சேர்த்தது. ஆனால் இதழில் எது இடம்பெற வேண்டும் என்பதைத் தீர்மானித்தவர் இதழாசிரியர். ஆக்குபவருக்கும் பயன்படுத்துபவருக்கும் இடையே பதிப்பு மேசை ஒன்று இருந்தது. இணையச் சந்தை அகற்றியது அந்த மேசையைத்தான்.

2006ஆம் ஆண்டு, நியூயார்க் நகர அரசுப் பள்ளி ஆசிரியராக இருந்த பால் எடெல்மன் ‘டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ்’ என்னும் தளத்தைத் தொடங்கினார். அனுபவமுள்ள ஆசிரியரின் பெட்டிகளில் ஆண்டுக்கணக்கான பாடக்குறிப்புகள் உறங்குகின்றன. புதிய ஆசிரியரோ ஒவ்வோர் இரவும் மறுநாள் பாடத்தை ஒன்றிலிருந்து தொடங்குகிறார். இவ்விருவரையும் இணைத்தால் என்ன என்பதே அதன் அடிப்படை. விற்பவர் தம் கோப்பைப் பதிவேற்றி விலை குறிப்பார். வாங்குபவர் சில டாலர் செலுத்தித் தரவிறக்கி அச்சிட்டுக்கொள்வார். தளம் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். ஆண்டுக்கட்டணம் செலுத்தும் விற்பனையாளர்க்கு விலையில் 80 விழுக்காடு, செலுத்தாதவர்க்கு 55 விழுக்காடு என்னும் பங்கீடு பின்னாளில் நடைமுறையானது.

தொடங்கிய சிறிது காலத்திலேயே தளத்தை ஸ்காலஸ்டிக் பதிப்பகம் வாங்கியது. டான்ஸ்வில்லில் பிறந்த அந்த இதழும் ‘இன்ஸ்ட்ரக்டர்’ என்ற பெயரில் அதே பதிப்பகத்தின் கைக்கு வந்திருந்தது என்பது வரலாற்றின் சுவையான பொருத்தம். 2009இல் எடெல்மன் தளத்தை மீண்டும் தம்மிடமே வாங்கிக்கொண்டார். வளர்ச்சி அதன் பிறகே விரைவுற்றது. 2012இல் ஜார்ஜியா மாநிலத்தின் தொடக்கநிலை ஆசிரியை டியானா ஜம்ப், இத்தளத்தில் பத்து இலட்சம் டாலர் ஈட்டிய முதல் ஆசிரியர் என்று செய்திகளில் இடம்பெற்றார்.

இவ்விரைவுக்குக் கருவியின் வசதி மட்டும் காரணமன்று. 2010இல் வெளியான ‘காமன் கோர்’ பொதுக் கற்றல் தரங்களை நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் ஏற்றன. தரங்கள் மாறின, கையிலிருந்த பாடநூல்கள் மாறவில்லை. இடைவெளியை நிரப்பும் பொறுப்பு வகுப்பறையில் நின்றவர்மீது விழுந்தது. நிர்வாகம் தராததை ஆசிரியர் சந்தையில் தேடினார். பல வேளை தம் சொந்தப் பணத்தில் வாங்கினார். சொந்தச் செலவு அங்கு எவ்வளவு இயல்பாகிவிட்டது என்பதற்கு வரிச்சட்டமே சான்று. வகுப்பறைக்காகத் தம் பணத்தைச் செலவிடும் ஆசிரியர் ஆண்டுக்கு 250 டாலர் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ள 2002 முதல் அமெரிக்கக் கூட்டாட்சி அரசு இடமளித்தது. அச்செலவை ஒழிக்க முனையாமல், அதைப் பட்டியலிட ஒரு கட்டத்தை அரசு வரிப்படிவத்தில் சேர்த்தது.

இங்கே தளத்தின் பெயரைச் சற்று உற்றுநோக்கலாம். ‘ஆசிரியர்கள் ஆசிரியர்களுக்குப் பணம் தருகிறார்கள்’ என்னும் முழு வாக்கியமே அதன் பெயர். எழுவாய் இடத்திலும் ஆசிரியர்; கொடைபெறும் நான்காம் வேற்றுமை இடத்திலும் ஆசிரியர். பள்ளி நிர்வாகம், மாநிலம், பதிப்பாளர் என எவருக்கும் அவ்வாக்கியத்தில் இடமில்லை. இப்பெயரைத் தற்சார்பின் முழக்கமாகவும் படிக்கலாம். கைவிடப்பட்டவர்களின் கணக்கேடாகவும் படிக்கலாம். இன்று தளம் பெரும்பாலும் டிபிடி என்னும் முதலெழுத்துச் சுருக்கத்தாலேயே வழங்குகிறது. சுருக்கத்துக்குள் வாக்கியமும், அது வெளிப்படுத்திய உறவும் மறைந்துபோயின.

பிற சொற்களும் மாறின. பாடக்குறிப்பு ‘வளம்’ ஆயிற்று. அலமாரி ‘கடை’ ஆயிற்று. உடன்பணியாற்றுவோர் ‘பின்தொடர்வோர்’ ஆயினர். முன்பு வழக்கமாக இருந்த இலவசப் பகிர்வு, விற்பனையைத் தூண்டும் ‘இலவச மாதிரி’யாயிற்று. கொடுத்து வாங்குதல் என்பது உறவாக இருந்த சூழலில், கொடுத்தலும் வாங்குதலும் இருவேறு பாத்திரங்களாகப் பிரிந்தன.

ஆனால் சட்டம் மாறவில்லை. தளம் தொடங்குவதற்கு இரண்டாண்டு முன்னர், 2004இல், நியூயார்க் மாநிலப் பள்ளி ஆசிரியர் ஒருவரின் வழக்கில் இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவாகத் தீர்ப்பளித்தது. பணியிடை நீக்கம் பெற்ற அவர், தம் வகுப்பறையிலிருந்து எடுக்கப்பட்ட தேர்வுத்தாள்களும் வீட்டுப்பாடக் கணக்குகளும் தம்முடையவை என வாதிட்டார். அவை பணியின் பகுதியாக ஆக்கப்பட்டவை, ஆகவே நிர்வாகத்துக்கே உரியவை என்றது நீதிமன்றம். ஆய்வெழுத்து அறிஞருக்கே உரியது என்னும் கல்வியுலக மரபும் அவருக்குத் துணைவரவில்லை. அப்பொருள்கள் வெளியிடும் நோக்கில் ஆயத்தம் செய்யப்பட்டவை அல்ல என்பதால் அம்மரபு பொருந்தாதென நீதிமன்றம் கருதியது.

அடுத்த இரண்டாண்டில் அந்நோக்கே தலைகீழானது. வெளியிடுவதற்கென்றே, அட்டைப்படமும் முன்னோட்டமும் பதிப்புரிமைக் குறிப்பும் இணைத்து, பயிற்சித்தாள்கள் ஆக்கப்படலாயின. சட்டத்தின்படி நிர்வாகத்தின் உடைமையாகக்கூடிய ஒன்று சந்தையில் தனியாள் உடைமையாக விற்கப்பட்டது. 2009 வாக்கில் செய்தித்தாள்கள் இம்முரணைப் பேசத் தொடங்கின. விற்றதில் பள்ளிக்குப் பங்கு உண்டா என்று சிலர் கேட்டனர். இரவில் சொந்தக் கணினியில் செய்த உழைப்புக்குப் பள்ளி என்ன தந்தது என்று ஆசிரியர்கள் கேட்டனர். இரு கேள்விகளும் நியாயமானவை. பாடம் நடத்தும் மணிநேரமே ஊதியத்தில் எண்ணப்படுகிறது. அதற்கான ஆயத்தம் எண்ணப்படுவதில்லை. ஆயினும் ஆயத்தத்தின் விளைபொருளுக்கு மட்டும் நிர்வாகம் உரிமை கோர முடிகிறது.

சந்தை வேறு சிக்கல்களையும் கொணர்ந்தது. இலவசமாகப் பகிரப்பட்டவை பெயர் மாற்றி விலைக்கு வந்தன. விலைக்கு இருந்தவை வேறிடங்களில் இலவசமாகத் தோன்றின. 2016இல் அமேசான் ‘இன்ஸ்பயர்’ என்னும் இலவசப் பகிர்வுத் தளத்தை அறிமுகப்படுத்திய உடனே, தம் விற்பனைப் பொருள்கள் அதில் இருப்பதாக ஆசிரியர்கள் முறையிட்டனர். சில பொருள்கள் நீக்கப்பட்டன. தரமும் வினாவுக்குள்ளானது. 2019இல் ஃபோர்டாம் நிறுவனம் வெளியிட்ட ஆய்வொன்று, மூன்று தளங்களில் பெரிதும் தரவிறக்கப்பட்ட உயர்நிலை ஆங்கிலப் பாடப்பொருள்கள் முந்நூறுக்கும் மேற்பட்டவற்றை மதிப்பிட்டது. அவற்றுள் 64 விழுக்காட்டைப் பயன்படுத்தக் கூடாதவை அல்லது பயன்படுத்தத் தகுதி குறைந்தவை என்று மதிப்பீட்டாளர் வகைப்படுத்தினர். அம்மூன்றில் இரண்டு இலவசத் தளங்கள் என்பதையும் சேர்த்தே இம்முடிவைப் படிக்க வேண்டும். குறை விலையில் மட்டும் இல்லை. பதிப்பு மேசை அகன்ற இடத்தில் வேறெந்தச் சீர்பார்ப்பும் அமரவில்லை என்பதிலும் இருந்தது. 2023இல் ஐஎக்ஸ்எல் லர்னிங் என்னும் கல்வித்தொழில்நுட்ப நிறுவனம் தளத்தை வாங்கியது. ஆசிரியருக்கும் ஆசிரியருக்கும் இடையிலான சந்தை மூன்றாமவர் ஒருவரின் உடைமையாயிற்று.

இந்தியாவில் இவ்வரலாறு வேறு தடத்தில் நடந்தது. 2013இல் திறந்த கல்வி வளங்களின் தேசியக் களஞ்சியமும், 2017 செப்டம்பரில் ‘தீக்ஷா’ தளமும் தொடங்கப்பட்டன. இங்கே பொருள் இலவசம். ஆக்கும் உழைப்புக்கு விலை என்ன என்னும் கேள்வி இலவசத்தால் தீர்ந்துவிடவில்லை. அது கேட்கப்படாமல் நின்றது, அவ்வளவே. மற்றொரு முனையில் ஆசிரியரின் உரை அச்சுச்சந்தைக்கு வந்த முன்னுதாரணமும் நமக்குண்டு. திருச்சி புனித வளனார் கல்லூரித் தமிழாசிரியர் ஐயம்பெருமாள் கோனாரின் பாடவிளக்கங்களைப் பழனியப்பா பிரதர்ஸ் நூலாக்கியபோது, ‘கோனார் உரை’ என்பது ஒரு நூல்வகையின் பெயராகவே தமிழில் நிலைத்தது. வகுப்பறை உழைப்பின்மீது அதைச் செய்தவரின் பெயர் நின்ற அரிய நிகழ்வு அது.

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957, பிரிவு 17(இ), பணி ஒப்பந்தத்தின் கீழ் ஊழியர் ஆக்கிய படைப்புக்கு, வேறு உடன்பாடு இல்லாதவரை, பணியமர்த்தியவரே முதல் உரிமையாளர் என்கிறது. இதில் ‘பணி ஒப்பந்தம்’ என்னும் தொடரே முடிச்சு. 1916இல் இங்கிலாந்தில், இலண்டன் பல்கலைக்கழகத் தேர்வாளர் ஆயத்தம் செய்த வினாத்தாள்கள் குறித்த வழக்கில், அத்தேர்வாளர் பல்கலைக்கழகத்தின் ஊழியர் அல்லர். ஆகவே முதல் உரிமை அவர்களுடையதே எனத் தீர்ப்பாயிற்று. இந்திய நீதிமன்றங்களிலும் தொடர்ந்து எடுத்துக்காட்டப்படும் தீர்ப்பு அது.

மணிநேரக் கணக்கில் ஊதியம் பெற்று, ஒவ்வொரு பருவத்திலும் புதிய தாள்களுக்குக் குறிப்புகள் எழுதும் கௌரவ விரிவுரையாளர்கள் இந்தியக் கல்லூரிகளில் மிகப் பலர். ஆய்வு மாணவர் பலரும் அவ்வரிசையில் நிற்பவர்களே. பருவம் முடிந்து அவர்கள் வெளியேறியபின் குறிப்புகள் துறையின் பொதுக்கோப்பில் எஞ்சுகின்றன. அடுத்து வருபவர் அவற்றை எழுதியவர் யாரென்று அறியாமலே நடத்துகிறார். நிரந்தரப் பணியின் பயன்களைக் கேட்கையில் இவர்கள் ஊழியர் அல்லர் என்னும் நிர்வாகம், குறிப்புகளின் உரிமை வருகையில் இவர்களை ஊழியர் எனக் கருதலாகாது. பணியமர்த்தல் ஆணையிலேயே இவ்வுரிமை யாருக்கென ஒரு வரி சேர்க்கப்பட வேண்டும். பொதுக்கோப்பில் இடப்படும் குறிப்பில் எழுதியவர் பெயர் நிற்க வேண்டும். இவ்விரண்டுக்கும் சந்தை தேவையில்லை.

டீச்சர்ஸ் பே டீச்சர்ஸ் தன் விற்பனையாளரை ‘டீச்சர்-ஆதர்’ என்றழைக்கிறது. கற்பிப்பவர் ஒருவர், எழுதுபவர் வேறொருவர் என்று பிரித்துப் பழகிய மொழி, அவ்விருவரையும் ஒட்டவைக்க ஓர் இணைப்புக்குறி இட வேண்டியிருந்தது. அத்தொடரைத் தமிழாக்க முயல்பவர் ‘ஆசிரியர்-ஆசிரியர்’ என்றே எழுத நேரும். போதகாசிரியர், நூலாசிரியர், உரையாசிரியர் என மூவரையும் ஒரே சொல்லுக்குள் வைத்தது தமிழ் மரபு. வகுப்பறைக் குறிப்பை எழுதியவர் அம்மூவருள் முதலாமவராக மட்டுமே இன்று எண்ணப்படுகிறார்.