ஓரம் வெட்டிய ஓர் அட்டையின் கதை

1996 உலகக் கிண்ணத்தை இலங்கை வென்ற பிறகு எங்கள் பாடசாலை முழுக்க கிரிக்கெட் அட்டைக் காய்ச்சல். பபிள்கம்மோடு வரும் சின்னச் சின்னப் படங்கள். வாப்பா தரும் சில்லறை எல்லாம் அதற்கே போனது. ஒரு சனத்துக்கு மற்ற ஆட்கள் ஐந்து பேர் என்பது அன்றைய சந்தை விலை.

எங்களிடம் இருந்த சனத் புத்தகப் பைக்குள் கிடந்து ஓரமெல்லாம் பஞ்சு பஞ்சாகப் பிரிந்து போயிருந்தார். ஒரு நாள் பிளேட்டும் அடிமட்டமும் எடுத்து நாலு பக்கமும் நேராகச் சீவி, புத்தம் புதிய அட்டை போல ஆக்கி, பக்கத்து வகுப்புப் பையனிடம் மாற்றினோம். அவன் லேசுப்பட்டவனா? தன் அட்டைக் கட்டை மேசையில் தட்டி நிமிர்த்திவிட்டு, ஓரத்தில் விரலை ஓட்டிப் பார்த்தான். எல்லா அட்டையும் ஒரே மட்டத்தில் நிற்க, எங்கள் சனத் மட்டும் உள்ளே போய் நின்றார். அன்று இடைவேளை எப்படி முடிந்தது என்பதை இங்கே எழுதத் தேவையில்லை.

இதே வேலையை அமெரிக்காவில் ஒரு பெரிய மனிதர் செய்தார். அவர் அதை ஒப்புக்கொள்ளக் கால் நூற்றாண்டுக்கு மேல் பிடித்தது. அதற்கிடையில் அந்த அட்டையின் விலை 28 இலட்சம் டொலராக ஏறியிருந்தது.

அட்டையில் இருப்பவர் ஹோனஸ் வாக்னர். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பேஸ்போல் வீரர். இரண்டாம் தளத்துக்கும் மூன்றாம் தளத்துக்கும் இடையில் நின்று பந்து தடுப்பவர். 1936இல் பேஸ்போலின் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாக ஐந்து பேரைத் தெரிவு செய்தபோது, பேப் ரூத்தோடு சேர்த்து இவரையும் தெரிவு செய்தார்கள். நமக்குப் பழக்கமில்லாத விளையாட்டு என்பதால் அவருடைய பெருமையை அளக்க இதுவே போதும்.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பனி தன் சிகரட் பெட்டிகளுக்குள் பேஸ்போல் வீரர்களின் வண்ணப் படங்களை வைத்து விற்றது. பெட்டி நசுங்காமல் இருக்க ஓர் அட்டை தேவை, அந்த அட்டையில் ஒரு படமும் இருந்தால் வாங்கியவன் அடுத்த பெட்டியையும் வாங்குவான். எளிய வியாபாரக் கணக்கு. 500க்கும் மேற்பட்ட படங்கள் வெளியாகின. வாக்னரின் படம் மட்டும் சீக்கிரமே நிறுத்தப்பட்டது. அவர் அனுமதி கொடுக்கவில்லை. சிறுவர்கள் படத்துக்காகச் சிகரட் வாங்குவார்கள் என்று மறுத்ததாக ஒரு கதை. தனக்குப் பணம் தராததால் மறுத்ததாக இன்னொரு கதை. வாக்னரே புகையிலை மெல்லுகிறவர் என்பதால் முதல் கதையைச் சிலர் நம்புவதில்லை. ஆனால் இன்னொரு செய்தியும் உண்டு. அவரிடம் அனுமதி வாங்கித் தந்தால் 10 டொலர் தருவதாகக் கம்பனி ஒரு பத்திரிகையாளரிடம் சொல்லியிருந்ததாம். வாக்னர் மறுத்துக் கடிதம் எழுதியபோது, அந்த மனிதருக்குத் தன்னால் நட்டம் வரக்கூடாது என்று 10 டொலருக்கு ஒரு காசோலையும் சேர்த்து அனுப்பினாராம். இப்படிப்பட்ட மனிதரின் படத்தை வைத்தா இவ்வளவும் நடந்தது என்று நாங்கள் பல தடவை யோசித்திருக்கிறோம்.

நிறுத்துவதற்குள் வெளியே போனவற்றில் இன்று உலகத்தில் இருப்பதாகத் தெரிவது ஏறத்தாழ ஐம்பது, அறுபது அட்டைகள்தான்.

வெட்டிய கதைக்குப் போவதற்கு முன் ஜெபர்சன் பர்டிக் என்ற மனிதரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். நியூயோர்க் மாநிலத்தின் சிரக்கியூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தவர், மூட்டுவாத நோயாளி. அட்டை சேகரிப்பு என்ற பொழுதுபோக்குக்கே ஒழுங்கு கொடுத்தவர் இவர்தான். சிகரட் அட்டைகள், மிட்டாய் அட்டைகள், வாழ்த்து அட்டைகள் என்று எல்லாவற்றையும் வகை பிரித்து இலக்கம் கொடுத்துப் பட்டியல் போட்டார். வாக்னர் அட்டை சேர்ந்த தொகுதியை இன்றும் உலகம் அவர் வைத்த 'டி-206' என்ற இலக்கத்தால்தான் அழைக்கிறது. மூன்று இலட்சத்துக்கும் அதிகமான தன் சேகரிப்பை நியூயோர்க்கின் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டு, பல வருடங்கள் அங்கேயே உட்கார்ந்து, வளைய மறுத்த விரல்களால் அவற்றை அல்பங்களில் ஒட்டினார். 1963இல் ஒட்டி முடித்தார், அதே வருடம் காலமானார்.

'ஒட்டினார்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பசை போட்டு ஒட்டினார். இன்றைய சேகரிப்பாளர் கேட்டால் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். பின்புறத்தில் பசை பட்ட அட்டையின் விலை பாதாளத்துக்குப் போய்விடும். பர்டிக்குக்கு அது ஒரு பொருட்டாகவே இருக்கவில்லை. அவருக்கு வேண்டியது படம், அச்சு, வகை, வரலாறு. ஓரம் கூராக இருக்கிறதா என்று அவர் பார்க்கவில்லை. ஓரத்துக்கு விலை வந்த பிறகுதான் ஓரத்தை வெட்டும் கையும் வந்தது.

அந்த விலை 1980களில் வந்தது. சிறுவயதில் அட்டை சேர்த்த தலைமுறை வளர்ந்து கையில் பணத்தோடு திரும்பியது. ஒரே அட்டை, ஒரே ஆள், ஒரே வருடம். மூலை மழுங்கியிருந்தால் ஒரு விலை, மூலை கூராக இருந்தால் அதைப் போலப் பல மடங்கு. அந்த இடைவெளிக்குள் தந்திரங்கள் நுழைந்தன. மடிப்பு விழுந்த அட்டையை ஈரப்படுத்தி அழுத்தி நிமிர்த்துவது. பென்சில் எழுத்தை அழிப்பது. மழுங்கிய மூலையைக் காகித நாரால் மறுபடி கட்டுவது. 1971இல் டொப்ஸ் கம்பனி வெளியிட்ட அட்டைகளுக்குக் கறுப்பு ஓரம், லேசாக உரசினாலும் வெள்ளை தெரியும். அதன்மேல் கறுப்பு மை பூசுவது. எல்லாவற்றிலும் சுலபமானது வெட்டுவது. பழைய காலத்துத் தொழிற்சாலைகள் எல்லா அட்டைகளையும் ஒரே அளவில் வெட்டவில்லை, சில அட்டைகள் கொஞ்சம் பெரிதாகவே வந்தன. பெரிய அட்டையின் பழுதான ஓரத்தைச் சீவினால் அது சரியான அளவுக்கு வந்து நிற்கும். எங்கள் பக்கத்து வகுப்புப் பையனின் விரல்கூட அதில் தோற்றுப் போகும்.

முழுப் போலியைப் பிடிப்பது ஒப்பீட்டளவில் இலேசு. பழைய காகிதம் ஊதாக்கதிர் விளக்கின் கீழ் மந்தமாகத் தெரியும். பிற்காலக் காகிதத்தில் வெண்மைக்காகச் சேர்க்கும் இரசாயனம் நீலமாகப் பளிச்சிடும். வெட்டிய அட்டையில் காகிதம் உண்மை, மை உண்மை, படம் உண்மை. இல்லாமல் போன ஒரு மயிரிழை மட்டுமே பொய்.

இனி அந்தக் குறிப்பிட்ட வாக்னர். 1985இல் நியூயோர்க்குக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி அதை 25,000 டொலருக்கு வாங்கினார். 1987இல் கலிபோர்னியாச் செல்வந்தர் ஒருவருக்கு 110,000 டொலருக்கு விற்றார். இந்த இரண்டு வருடங்களுக்கு இடையில் அட்டையின் பக்க ஓரங்கள் வெட்டப்பட்டன. 1991இல் சொதபீஸ் ஏலத்தில் ஐஸ் ஹொக்கி நட்சத்திரம் வேய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணியின் உரிமையாளர் புரூஸ் மெக்நோலும் சேர்ந்து 451,000 டொலருக்கு வாங்கினார்கள். (மெக்நோல் பிற்பாடு வங்கிகளை ஏமாற்றிய வழக்கில் சிறை போனார். அது வேறு கதை. ஆனால் இந்த அட்டை எப்படிப்பட்ட கைகளைத் தேடிப் போயிருக்கிறது பாருங்கள்.)

அதே 1991இல் பி.எஸ்.ஏ. என்ற நிறுவனம் தொடங்கியது. அட்டையை அனுப்பினால் பரிசோதித்து, 1 முதல் 10 வரை ஒரு புள்ளி போட்டு, பிளாஸ்டிக் உறைக்குள் அடைத்து முத்திரையிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். மோசடி மலிந்த சந்தைக்கு உண்மையிலேயே தேவையான வேலை. அவர்கள் இலக்கம் 1 கொடுத்த அட்டை எது தெரியுமா? கிரெட்ஸ்கியின் வாக்னர். புள்ளி 8. வேறு எந்த வாக்னரும் கிட்ட நெருங்காத புள்ளி. வெட்டிய அட்டைக்குப் புள்ளியே போடக்கூடாது என்பதுதான் விதி. அன்று பரிசோதித்தவர்களில் ஒருவர், வெட்டப்பட்டது தெரிந்தேதான் புள்ளி போட்டோம் என்று பல வருடங்களுக்குப் பிறகு பத்திரிகைக்குச் சொன்னார்.

இந்த இடத்தில் எங்களுக்கு ஆசிரியர் புத்தி வந்துவிடும். சாதாரண தரப் பரீட்சை விடைத்தாள் திருத்தப் போனால் எங்கள் முன்னால் இருப்பது சுட்டெண் மட்டும்தான். யாருடைய பிள்ளை, எந்தப் பாடசாலை, ஒன்றும் தெரியாது. அங்கேயோ, மேசைக்கு வந்தது யாருடைய அட்டை, எவ்வளவுக்கு வாங்கியது என்று ஊருக்கே தெரியும். புதிதாகக் கடை திறந்தவர்கள், உலகத்திலேயே புகழ்பெற்ற அட்டையைப் பார்த்து "இது வெட்டியது" என்று திருப்பி அனுப்பியிருந்தால் அந்தக் கடைக்கு என்ன நடந்திருக்கும்? அவர்களை நியாயப்படுத்த இதைக் கேட்கவில்லை. பொய் நுழைந்த வாசல் எது என்று காட்டத்தான் கேட்கிறோம்.

அதற்குப் பிறகு யாரும் அட்டையைப் பார்க்கவில்லை, உறையில் இருந்த 8ஐத்தான் பார்த்தார்கள். வொல்மார்ட் அதை வாங்கிப் பரிசுக் குலுக்கலில் வைத்தது. 1996இல் புளோரிடாவில் தபால் கந்தோர் ஊழியை ஒருவருக்கு அது விழுந்தது. பரிசுக்குரிய வரியைக் கட்ட வசதியில்லாமல் உடனே ஏலத்துக்குக் கொடுத்தார், 640,000 டொலர் வந்தது. இந்த முழுக் கதையிலும் அட்டையால் சுத்தமான இலாபம் கண்டவர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். 2000ஆம் ஆண்டில் 12 இலட்சத்து 65 ஆயிரம். 2007இல் முதலில் 23 இலட்சத்து 50 ஆயிரம், அதே வருடம் மறுபடி 28 இலட்சம். கடைசியாக வாங்கியவர் அரிசோனா பேஸ்போல் அணியின் உரிமையாளர் கென் கென்ட்ரிக்.

சந்தேகம் இல்லாமல் இல்லை. சேகரிப்பாளர்கள் நடுவே குசுகுசுப்பு எப்போதும் இருந்தது. நியூயோர்க் டெய்லி நியூஸ் நிருபர்கள் இருவர் 2007இல் இந்த அட்டையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். ஆனாலும் வாங்கியவருக்கு அது உண்மையாக இருக்க வேண்டும், விற்றவருக்கும் ஏலக்காரருக்கும் அப்படியே. புள்ளி போட்டவர்களின் பெயரே அதில் தொங்கியது. கேள்வி கேட்டு இலாபமடையக்கூடிய ஒருவர்கூட அந்தச் சங்கிலியில் இல்லை.

மாஸ்ட்ரோ இதற்குள் இந்தத் துறையின் மிகப் பெரிய ஏல நிறுவனங்களில் ஒன்றை நடத்திக்கொண்டிருந்தார். எப்.பி.ஐ. அங்கே கைவைத்தது அட்டைக்காக மட்டுமல்ல. வாங்கும் எண்ணமே இல்லாமல் பொய்ப் பெயர்களில் விலை கேட்டு ஏலத்தை ஏற்றிவிட்டார்கள் என்பது பெரிய குற்றச்சாட்டு. நமது பிக்ஹு நூல்களில் இதற்கு நஜ்ஷ் என்று தனிப் பெயரே உண்டு, தடுக்கப்பட்ட வியாபாரங்களில் ஒன்றாகப் படித்திருப்போம். எல்விஸ் பிரெஸ்லியின் தலைமுடி என்று விற்ற முடியின் உண்மைத் தன்மையும் குற்றப்பத்திரத்தில் கேள்விக்கு உள்ளானது. சிரிப்பு வருகிறது, ஆனால் அதற்கும் பணம் கொடுத்தவர்கள் இருந்தார்கள்.

2012இல் சிக்காகோவில் குற்றம் சாட்டப்பட்டார். 2013 ஒக்டோபரில் நீதிபதி முன்னால் நின்று தபால் மூலமான மோசடியை ஒப்புக்கொண்டார். வாக்னரின் ஓரங்களை வெட்டியது தான்தான் என்றும் அப்போதுதான் ஒப்புக்கொண்டார். 2015 ஓகஸ்டில் 20 மாதச் சிறை. ஓர் அட்டையை வெட்டுவது குற்றமல்ல, சொந்தக்காரர் விரும்பினால் சுக்குநூறாகக் கிழித்துப் போடலாம். பழைய ஓவியங்களையும் கையெழுத்துப் பிரதிகளையும் திருத்திப் பழுதுபார்க்கிறார்கள், திருத்தியது என்று சொல்லியே விற்கிறார்கள். சொல்லாமல் விற்றதுதான் வழக்கு.

இதற்குப் பிறகு அட்டையின் விலை விழுந்திருக்கும் என்றுதான் நாங்களும் நினைத்தோம். கென்ட்ரிக் அதை வைத்துக்கொண்டார். 2021இல் வேறொரு வாக்னர், 10க்கு வெறும் 3 புள்ளி வாங்கிய மழுங்கிய அட்டை, 66 இலட்சம் டொலருக்குப் போனது. 2022இல் 2 புள்ளி வாங்கிய இன்னொன்று 72 இலட்சத்து 50 ஆயிரத்துக்குப் போனது. மூலை தேய்ந்து கோடு விழுந்த, யாரும் பிளேட் வைக்காத அட்டைகள்.

தந்திரம் நின்றுவிடவில்லை. 2019இல் அமெரிக்காவில் மறுபடி ஒரு பெரும் அலை கிளம்பியது. இம்முறை கண்டுபிடித்தவர்கள் சாதாரண சேகரிப்பாளர்கள். பழைய ஏலப் படங்களையும் புதிய ஏலப் படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அச்சில் விழுந்த ஒரு சின்னப் புள்ளி, காகிதத்தில் ஒரு நார், இவை கைரேகை போல, மாறாது. முன்பு மழுங்கிய மூலையோடு விற்ற அட்டை, சில மாதங்களில் கூர் மூலையோடு அதிகப் புள்ளி வாங்கி உறைக்குள் நின்றதை நூற்றுக்கணக்கில் எடுத்துக் காட்டினார்கள். சம்பளமும் முத்திரையும் இல்லாத அந்த மனிதர்கள், அட்டைக் கட்டை மேசையில் தட்டிப் பார்த்த எங்கள் பக்கத்து வகுப்புப் பையனின் ஜாதி.

இலக்கம் 1 வாக்னர் அதே உறைக்குள், அதே 8 புள்ளியோடுதான் இருக்கிறது.

எங்கள் சனத்தை அவன் அன்றைக்கே முகத்தில் எறிந்துவிட்டுப் போனான். பிறகு அது எங்கே போனது என்று ஞாபகமில்லை. 96 காலத்து அட்டைகள் யாரிடமாவது இருந்தால் கீழே படத்தைப் போடுங்கள். ஓரம் கிழிந்திருந்தாலும் பரவாயில்லை.