பி.ஓ.டி. பிறந்த கதை

பி.ஓ.டி. (கட்டு, நடத்து, ஒப்படை) என்று பெயர் வைத்தவர் துருக்கிக்காரர். 1983 டிசம்பரில் பிரதமரான துர்குத் ஓசால், ஒரு காலத்தில் உலக வங்கியில் வேலை பார்த்த எஞ்சினியர். வெளிக்கடன் தலைக்கு மேல் ஏறியிருந்த நாட்டில் மின் நிலையம் கட்ட இன்னும் கடன் வாங்குவது எப்படி? தனியார் தங்கள் பணத்தில் கட்டட்டும், சில ஆண்டுகள் நடத்திப் போட்டதை எடுக்கட்டும், பிறகு அரசிடம் ஒப்படைத்துவிட்டுப் போகட்டும் என்பது அவர் யோசனை. அக்குயுவில் அணுமின் நிலையம் கட்டக் கனடா நிறுவனத்தோடு பேச்சு நடந்தது. கனடா தரப்பு அரசு உத்தரவாதம் கேட்டது. உத்தரவாதம் கொடுத்துவிட்டால் அதுவும் அரசுக் கடன்தானே? துருக்கி மறுத்தது, பேச்சு முறிந்தது.

பிள்ளை பிறந்தது சீனாவில். 1980இல் சிறப்புப் பொருளாதார மண்டலமான ஷென்சென்னில், தொழிற்சாலைகள் முளைத்த வேகத்துக்கு மின்சாரம் ஈடுகொடுக்கவில்லை. ஹாங்காங்கின் ஹோப்வெல் கம்பெனியை நடத்திய கார்டன் வூ, பக்கத்து ஷாஜியாவோவில் தலா 350 மெகாவாட்டில் இரண்டு நிலக்கரி மின் யூனிட் கட்டித் தருவதாக ஒப்பந்தம் போட்டார். 1987இல் முதல் யூனிட் ஓடத் தொடங்கிவிட்டது. கட்ட எடுத்த காலம் இரண்டு ஆண்டுகூட இல்லை.

வேகத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்கள் ஒப்பந்தத்தையும் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும். நிலக்கரியை மாறாத விலைக்குச் சீனத் தரப்பே தரவேண்டும். உற்பத்தித் திறனில் குறைந்தது 60 சதவீத மின்சாரத்தை வாங்கியே ஆகவேண்டும். வேண்டாம் என்றாலும் காசைக் கொடுத்துவிட வேண்டும். கட்டணத்தில் பாதி அந்நியச் செலாவணியில். ஆக, கரி விலை ஏறினாலும் கரண்ட் விற்காமல் போனாலும் கவலை வூவுக்கு இல்லை. சொன்ன தேதிக்குள் கட்டி ஒழுங்காக ஓட்டுவதுதான் அவர் பாடு. அதில் அவர் கெட்டிக்காரர், மறுக்க முடியாது. 1999இல் நிலையத்தை ஒப்படைத்துவிட்டுப் போனார், லாபத்தோடு.

துருக்கி மறுத்ததைச் சீனா வேறு உருவில் கொடுத்தது, அவ்வளவுதான்.

1990இல் பிலிப்பைன்ஸ் பி.ஓ.டி.க்கென்று சட்டமே போட்டது. மணிலா மின்வெட்டில் தவித்துக்கொண்டிருந்த நேரம். வூ அங்கேயும் போனார். பின்னாலேயே வேறு கம்பெனிகளும் போயின. ‘எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் காசு’ என்ற ஷரத்தும் கூடவே போனது. 1997 ஆசிய நிதி நெருக்கடியில் பெசோ சரிந்தது, மின்சாரத் தேவை எதிர்பார்த்தபடி வளரவில்லை. டாலர் கணக்கு மட்டும் அப்படியே நின்றது. வாங்கிய மின்சாரத்துக்கான ஈட்டுக் கட்டணம் என்று கரண்ட் பில்லில் தனியாக ஏறிய தொகையைக் கண்டு 2002இல் ஜனங்கள் கொதித்தார்கள். அதிபர் அரோயோ அதற்கு உச்சவரம்பு வைத்தார். மிச்சச் சுமை அரசு மின் நிறுவனத்தின் கடனில் போய்ச் சேர்ந்தது.