நிற்கச் சொல்லும் காலத்தில்

"வேலைக்கு நடுவுல எழும்பி நில்லுங்க" என்கிறார்கள் டாக்டர்மார். இதுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1953இல் ஜெரி மொரிஸ், லண்டன் பஸ்களில் உட்கார்ந்தே ஓட்டும் சாரதிகளை விட, படியேறி இறங்கும் நடத்துனர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று காட்டினார்.

சரிதான். ஆனா எல்லயைச் சுற்றியுள்ள மலைகளில் கொழுந்து பறிக்கும் அம்மாமார் தலைமுறை தலைமுறையா நின்றுதான் வேலை செய்றாங்க. சரிவில் கால் ஊன்றி, முதுகில் கொழுந்தைச் சுமந்து நிற்பதில் மிஞ்சுவது முழங்கால் வலியும் இடுப்பு வலியும்தான். உட்கார்ந்தா கிலோ குறையும். கிலோ குறைஞ்சா அரைப்பேர்.

நாள் முழுக்க நின்ற கடை ஊழியர்களுக்குத் தமிழ்நாடு 2021இல் இருக்கை தரச் சட்டம் போட்டது. தோட்டத்திலும் கேட்க வேண்டியது அதுதான்: அரைப்பேர் பயமில்லாம கொஞ்ச நேரம் உட்கார.